மினி கன்சோலில் ஒயர்லெஸ் கன்ட்ரோலர்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பிக்சல்பித்தன்:
என்இஎஸ் கிளாசிக் (நின்டெண்டோவோட பழைய என்இஎஸ் கேம் பெட்டியோட குட்டி வடிவம்) 2016-ல வந்தப்போ எல்லாரும் முதல்ல புலம்பினது கன்ட்ரோலர் ஒயரைப் பத்தித்தான். மொத்தமே இரண்டரை அடி. டிவி முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்தாத்தான் உண்டு. அடுத்த வருஷம் வந்த எஸ்என்இஎஸ் கிளாசிக்ல அஞ்சடி ஆக்கினாங்க, எங்க வீட்டு சோபாவுக்கு அதுவும் எட்டாது.

அதனால எய்ட்பிட்டூ கம்பெனியோட ஒயர்லெஸ் ரிசீவர் ஒண்ணு வாங்கினேன். கன்ட்ரோலர் சொருகற துளையிலயே சொருகணும். பிஎஸ்4, ஸ்விட்ச் ப்ரோ, வீ ரிமோட்னு மத்த கன்சோல் கன்ட்ரோலர் எல்லாமே ப்ளூடூத்ல சேரும். பிஎஸ்4 கன்ட்ரோலர்னா ஷேரையும் பிஎஸ் பட்டனையும் ஒண்ணா அழுத்திப் பிடிங்க. லைட் படபடன்னு மின்னும்போது ரிசீவர் பட்டனை அழுத்தினா சேர்ந்துக்கும்.

ஒயர் ஒழிஞ்சதைவிட எனக்குப் பெரிய நிம்மதி ரீசெட் விஷயத்துலதான். இந்தக் கன்சோல்ல மெனுவுக்குப் போக ரீசெட் அழுத்தணும், அது பெட்டி மேல இருக்கு. கேமைப் பாதியில நிறுத்தி சேமிக்கிறதும் (கேமுக்கு நாலு இடம்) அந்த மெனு வழியாத்தான். ரிசீவர் இருந்தா கீழ் பட்டனும் செலக்டும் சேர்த்து அழுத்தினா போதும், எழுந்திருக்கவே வேண்டாம். மெட்ராய்டு கேம்ல மட்டும் உஷார். உருண்டையா சுருளக் கீழே அழுத்தின கையோட மிசைலுக்கு செலக்ட் தட்டினா, நேரா மெனுவுல கொண்டுபோய் விட்டுடும்! கேம் போயிடாது, விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். ஆனா பாஸ் சண்டை நடுவுல கடுப்பாகும்.

கடைசிலைஃப்:
லேக் (பட்டன் அழுத்தினதுக்கும் திரையில நடக்கறதுக்கும் நடுவுல வர்ற தாமதம்) எப்படி நண்பா? எங்க வீட்ல தம்பி தோத்தா பழி ஒயர்லெஸ் மேலதான். பஞ்ச்-அவுட் குத்துச்சண்டை கேம்ல ஒயரையும் ஒயர்லெஸ்ஸையும் மாத்தி மாத்தி ஆடிப் பார்த்தோம். திரையில வினாடிக்கு 60 ஃப்ரேம் (படம்), அதாவது ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 16.7 மில்லிசெகண்ட். அவ்வளவு வேகத்துலயும் எங்க கைக்கு ஒயருக்கும் ப்ளூடூத்துக்கும் வித்தியாசமே தெரியல. டிவில கேம் மோடு (தாமதத்தைக் குறைக்கற செட்டிங்) போட்டதும்தான் குத்து சொன்ன நேரத்துக்கு விழுந்துச்சு. தம்பி இப்போ டிவியைத் திட்டறான்.

பிக்சல்பித்தன்:
அதேதான் இங்கேயும். முதல்ல டிவி செட்டிங்கைப் பாருங்க, கன்ட்ரோலரை அப்புறம் சந்தேகப்படலாம்.

தாவும்கட்டைவிரல்:
எனக்குப் பிரச்சினை விரல்லதான் ப்ரோ. மாரியோவுல பி பட்டனை அழுத்தி ஓடிக்கிட்டே அதே கட்டைவிரலைச் சாய்ச்சு ஏ-வைத் தட்டித் தாவணும். பழைய கன்ட்ரோலர்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல ஒரே வரிசை. புதுசுல நாலு பட்டன் வைர வடிவத்துல இருக்கறதால விரல் கோணிக்குது. கட்டைவிரலால சாய்க்கற ஸ்டிக்கும் இதுக்குச் சரிப்படல, சூப்பர் சி கேம்ல ஓடணும்னு தள்ளினா ஆள் படுத்துக்கறான். டி-பேடுக்கே (கூட்டல் குறி மாதிரி இருக்கற திசை பட்டன்) திரும்பிட்டேன்.

இன்னொண்ணு, ஜப்பான் ஃபேமிகாம் மினி (என்இஎஸ் கிளாசிக்கோட ஜப்பான் வடிவம்) வாங்கறவங்க கவனிங்க. அதுல கன்ட்ரோலரைக் கழற்ற முடியாது, பெட்டியோடயே பொருத்தி வருது. ரிசீவர் சொருக வெளியே இடமே இல்ல.