புதுப்பிப்பு: சாதாரண பிக்கப்பில் படகு இழுத்த கதை

இழுவைக்கென்று தனி வசதி எதுவும் இல்லாத, பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் எஞ்சின் விசை போகும் (2WD) பிக்கப்பில் வருஷத்துக்கு நாலைந்து தடவை படகு இழுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இழுத்தாயிற்று, மூன்று தடவை.

படகு 900 கிலோ என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அது வெறும் கூடு. எடை மேடையில் ஏற்றினால் எஞ்சின், டிரெய்லர், நங்கூரம், சாமான் எல்லாம் சேர்ந்து 1,420. பெட்ரோலே 100 லிட்டருக்கு 75 கிலோ பக்கம் வரும். அதை யோசிக்கவே இல்லை. வண்டி இழுக்கக்கூடிய வரம்பு 1,600 கிலோ. டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்ததால் தப்பித்தேன்.

முதல் ஓட்டத்தில் 80-ஐத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டதுபோல ஒரு உணர்வு, வயிறு கலங்கிவிட்டது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அடங்கியது. அப்புறம் அளந்தால் வண்டியின் கொக்கியில் இறங்கும் எடை 60 கிலோதான்; அது குறைந்தால் டிரெய்லர் ஆடும். படகை டிரெய்லரில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னால் தள்ளிக் கட்டினேன்; 140 வந்தது, ஆட்டம் போயே போச்சு. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் தணிந்துதான் நிற்கிறது. பரவாயில்லை.

ஏற்றத்தில் ஓவர்டிரைவை (எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் உச்ச கியரை) அணைத்துவிடுகிறேன். கியர்பாக்ஸ் ஆயிலுக்குத் தனி கூலர் மட்டும் போடப்போகிறேன்.

இன்னும் பயம் படகுத்துறைச் சரிவில்தான். ஈரப் பாசியில் பின்சக்கரம் சுற்றியது. இரண்டு பேர் பின்தொட்டியில் ஏறி நின்ற பிறகே வண்டி நகர்ந்தது.