மாமரத்து முசுறுகள் தம் கூட்டத்தை எப்படி அடையாளம் காண்கின்றன?

போச்சம்பள்ளி விவசாயி: வணக்கம். எங்கள் பெங்களூரா மாமரங்களில் எதிரெதிரே வரும் முசுறு எறும்புகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று தொட்டுவிட்டு விலகிப் போகின்றன. கிளை உரசும் பக்கத்து மரத்திலிருந்து வந்ததையோ தொட்டவுடனே காலைக் கவ்வி இழுக்கின்றன. இத்தனை சிறிய மூளைக்குள் இந்தப் பாகுபாடு எப்படி நடக்கிறது? முசுறுக் கூடுகளை வேறு மரங்களுக்கு மாற்ற எண்ணுவதால் கேட்கிறேன்.

தருமபுரி விலங்கியல் ஆசிரியை: எறும்பின் மேல்தோலில் உள்ள மெழுகில் பல வகை ஹைட்ரோகார்பன்கள் கலந்திருக்கின்றன, அவற்றின் விகிதம் கூட்டத்துக்குக் கூட்டம் மாறும்; அந்தக் கலவைதான் கூட்டத்தின் மணம். அவை எளிதில் ஆவியாகாததால்தான் உணர்கொம்பை அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. உணர்கொம்பின் நுண்மயிர்களுக்குள் இருக்கும் நரம்புச் செல் ஒவ்வொன்றும் பொதுவாக ஒரு வகை மண ஏற்பியையே (மணத்தை உணரும் புரதத்தையே) தாங்கியிருக்கும். ஒரே ஏற்பியுள்ள செல்களின் இழைகள், எங்கிருந்து புறப்பட்டாலும், மூளையின் உணர்கொம்பு மடலில் குளோமருலஸ் எனப்படும் ஒரே உருண்டையில் வந்து சேர்கின்றன. தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. பழ ஈக்கு இத்தகைய உருண்டைகள் சுமார் 50, தேனீக்குச் சுமார் 160, ஊசெரியா பிரோய் என்னும் எறும்புக்கோ ஏறத்தாழ 500. (முசுறு வேறு இனம், அமைப்பு ஒன்றுதான்.)

ஓசூர் வாசகர்: ஆசிரியை சொன்னதற்கு வலுவான சான்று 2017இல் கிடைத்தது. மண ஏற்பிகள் இயங்கத் தேவையான ஓர்கோ மரபணுவை ஊசெரியாவிலும், நம் தென்னிந்தியாவில் வாழும் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர் என்னும் தாவும் எறும்பிலும் இரு குழுக்கள் செயலிழக்கச் செய்தன. ஊசெரியாவில் அந்த எறும்புகள் மணத்தடத்தைப் பின்பற்ற முடியாமல், கூட்டத்தை விட்டுத் தனியே திரிந்தன. குளோமருலஸ்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பழ ஈயில் இதே மரபணுவை நீக்கினால் உருண்டைகள் உருவாகவே செய்கின்றன என்பதால், எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

போச்சம்பள்ளி விவசாயி: நன்றி. அப்படியானால் மணத்தைப் பிரித்த பிறகு செய்தி எங்கே போகிறது?

தருமபுரி விலங்கியல் ஆசிரியை: இரண்டு பாதைகளில், காளான் உடலம் என்ற பகுதிக்கும் பக்கக் கொம்பு என்ற பகுதிக்கும் போகிறது. கற்றலும் நினைவும் முதலாவதைச் சார்ந்தவை. பிறவியிலேயே அமைந்த எதிர்வினைகளில் இரண்டாவதற்குப் பங்குண்டு. எறும்பு தன் கூட்டத்தின் மணத்தைப் பழகித்தான் அறிகிறது. ஆகவே, ஐயா, கூடுகளை மாற்றும்போது ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவற்றை மட்டும் சேர்த்து வையுங்கள்; வேறு கூட்டம் குடியிருக்கும் மரத்தோடு உரசும் கிளைகளை முன்னதாகவே கழித்துவிடுங்கள்.