பாலத்தில் நிற்பது யார்?

குழு: எங்கள் லயம் (லயம்: தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு)

புதன்

பெரியப்பா (ஹட்டன்): அப்பாவின் கருமாதி ஞாயிறு. கார்ட் அடிக்க ஒரு நல்ல படம் வேண்டும். நாளை பகல் 12 மணிக்கு முன் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். யாரிடம் இருக்கிறது?

அத்தை: அடையாள அட்டைப் படம்தான்

குட்டி: அதில் தாத்தா யாரையோ ஏச வந்தவர் மாதிரி இருக்கிறார்

அம்மா: கலியாண ஆல்பத்தில் பார்க்கலாமே

அப்பா: பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓரத்தில் நிற்கிறார். ஒன்றில் பாதி முகம்தான்.

அத்தை: அப்பா அம்மா கலியாணப் படம் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. 83 கலவரத்தில் லயத்தோடு எரிந்தது. அதற்கு முந்தி எடுத்த ஒன்றுமே இல்லை.

பெரியப்பா: தெரியும் தங்கச்சி. அதை விடு. கார்டுக்கு என்ன செய்வது?

டொரன்டோ அக்கா: அப்பா, பாலத்துப் படம் இருக்கிறதே! ஹரிசன் ஃபோர்ட் படத்து டிவிடியில் தாத்தா நிற்பார் என்று சித்தப்பா நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். படத்தில் இல்லை, நான்காவது டிஸ்கில்.

பெரியப்பா: திரும்பவும் அந்தக் கதையா

சித்தப்பா (கொழும்பு): கதை இல்லை அண்ணே. சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும், விளக்கமாகச் சொல்கிறேன். 2003 கடைசியில் மூன்று இந்தியானா ஜோன்ஸ் படங்களும் ஒரே பெட்டியாக டிவிடியில் வந்தன. மொத்தம் நான்கு டிஸ்க். மூன்றில் படங்கள். நான்காவது முழுக்கப் போனஸ்: மூன்று படங்களையும் எடுத்த கதை, அப்புறம் சண்டைக் காட்சி, சத்தம், இசை, ஸ்பெஷல் எஃபெக்ட் என்று தனித்தனிப் பகுதிகள். இயக்குநர் ஸ்பீல்பேர்க் தன் படங்களுக்குக் கொமென்ட்ரி, அதாவது படம் ஓடும்போது கூடவே விளக்கம், பேசுகிறவர் இல்லை. அவர் வாயாலேயே கேட்க வேண்டுமானால் இந்த டிஸ்க்தான். நம்முடையது இரண்டாவது படம், டெம்பிள் ஒஃப் டூம், 1984இல் வந்தது. கதை நடப்பது இந்தியாவில். அங்கே கதையை மாற்றச் சொல்லி அனுமதி கொடுக்கவில்லை. அதனால் 1983 ஏப்ரலில் கண்டிக்கு வந்துவிட்டார்கள். கிராமத்துக் காட்சி கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் எடுத்தது. இந்தியக் கிராமத்துச் சனம் சிங்களம் பேசுவது அதனால்தான்.

குட்டி: யானை சட்டையைத் தின்றது இந்தப் படத்திலா?

சித்தப்பா: இதுதான். கதாநாயகி கேட் கப்ஷோவின் மணி வைத்துத் தைத்த கவுன். பழைய காலத்து மணிகள், ஒரே ஒரு கவுன். மரத்தில் தொங்கப்போட்டிருந்ததை யானை முதுகுப் பக்கமாகத் தின்றுவிட்டது. உடை தைத்தவர் அந்த டிஸ்கில் அதைச் சொல்கிறார்.

குட்டி: 😂😂

பெரியப்பா: நாணயக்கார மாத்தயா நன்றாக நடித்திருப்பார். அந்தப் பூசாரிக் கிழவன்.

சித்தப்பா: டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது அண்ணே. கமராவுக்குப் பின்னால் நின்று ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். இடையிடையே நிறுத்துவது அடுத்த வரிக்குக் காத்திருப்பதால். அந்த நிறுத்தம்தான் பேச்சுக்கு அவ்வளவு கனம் கொடுத்தது.

பெரியப்பா: பெரிய நடிகன்

அத்தை: ஞாயிறு எத்தனை பேருக்குச் சமையல்? யாராவது சொல்லுங்கள்

அப்பா: 150

அத்தை: கீழ் லயத்து ஆட்களையும் சேர்த்தா?

அப்பா: அவர்களைச் சேர்த்தால் 200

பெரியப்பா: சேர்க்காமல் எப்படி? அப்பாவைத் தூக்கினதே அவர்கள்தான்.

அத்தை: அப்போ சமையல்காரரிடம் 200 சொல்கிறேன். அரிசி யார் பொறுப்பு?

(பதில் இல்லை)

டொரன்டோ அக்கா: சித்தப்பா, பாலம் எங்கே இருந்தது? இங்கே பிள்ளைகள் கேட்கிறார்கள்.

சித்தப்பா: விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில். அப்போது அணை கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் எஞ்சினியர்கள்தான் பாலத்துக்கும் இரும்புக் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். பார்க்கத்தான் பழைய கயிறும் பலகையும், உள்ளே இருப்பது இரும்பு. அப்பா அந்த நேரம் அணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நாம் கண்டிப் பக்கத் தோட்டத்தில் இருந்தோம், பேர், அதாவது நாள் வேலை, கிடைக்காத நாட்கள் அதிகம். ஒரு நாள் கொன்ட்ராக்ட்காரர் பத்துப் பேரை லொறியில் ஏற்றி அந்தப் பள்ளத்துக்குக் கொண்டு போனார். அப்படித்தான் அப்பா சொன்னார். ஸ்பீல்பேர்க்குக்கு அந்தப் பாலத்தில் நடக்கவே பயம், ஹரிசன் ஃபோர்ட் அதன் மேல் ஓடியே போனாராம். அப்பா பலகைக்கட்டைத் தோளில் வைத்து அதில் நடந்தவர்.

அப்பா: கடைசியில் வெட்டினார்களே

சித்தப்பா: வெடி வைத்துக் கம்பியை அறுத்தார்கள். ஒரே தடவைதான் செய்ய முடியும். அதனால் பல கமராக்களை வைத்து ஒரே நேரத்தில் எடுத்தார்கள். விழுகிற ஆட்கள் எல்லாம் பொம்மைகள், கையும் காலும் உதறுகிற மாதிரி உள்ளே பொறி வைத்தவை. அப்பாவுக்கு அதுதான் மனதில் நின்றது. "நாங்கள் கட்டினதை ஒரு நொடியில் இறக்கினார்கள்" என்பார்.

பெரியப்பா: அப்பா அணை வேலைக்குப் போனார், அது சரி. எனக்கு அப்போது 13 வயது, சாப்பாடு கட்டிக்கொண்டு போனதே நான்தான். படப்பிடிப்புக்குப் போனார் என்று வீட்டில் ஒரு நாளும் சொல்லவில்லை. டிவிடி வந்த பிறகுதான் இந்தப் பேச்சு.

சித்தப்பா: உங்களிடம் சொல்லவில்லை அண்ணே

பெரியப்பா: உனக்கு அப்போது மூன்று வயது

அம்மா: இரண்டு பேரும் நிறுத்துங்கள். பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள்.

நான்: இப்போது டிஸ்க் எங்கே?

சித்தப்பா: பெட்டி என்னிடம். மூன்று டிஸ்க் உள்ளே. நான்காவதின் இடம் காலி. நாவலப்பிட்டி மச்சானிடம் கொடுத்தது, இன்னும் வரவில்லை.

நாவலப்பிட்டி மாமா: வரவில்லையா? நீங்கள்தானே "வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மனப்பாடம்" என்று சொன்னீர்கள்

சித்தப்பா: ஒரு மாதத்துக்கு என்று சொன்னேன் மச்சான்

நாவலப்பிட்டி மாமா: மாதக் கணக்கு எதுவும் பேசவில்லை. டிஸ்க் பத்திரமாக இருக்கிறது. என் அப்பாவின் சாமான் வைத்த பெட்டியில்.

அத்தை: வீட்டில் வாயே திறக்கவில்லை. இப்போது குழுவில் வந்து சொல்கிறார்.

நாவலப்பிட்டி மாமா: நீ கேட்டாயா?

டொரன்டோ அக்கா: மாமா, நாளை காலை அதைப் போட்டு, பாலம் வரும் இடத்தில் நிறுத்தி, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் இங்கே ஒரு பழைய செட் தேடிப் பார்த்தேன், வந்து சேர இரண்டு கிழமை ஆகும் என்கிறார்கள்.

நாவலப்பிட்டி மாமா: பிளேயர் வேலை செய்யாது. லெப்டொப்பில் டிஸ்க் போடும் இடமே இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரேடியோக் கடையில் ஒரு பிளேயர் இருக்கிறது.

சித்தப்பா: மச்சான், அது துபாயிலிருந்து வந்த செட், ரீஜன் 2. டிவிடியை நாடு நாடாகப் பிரித்துப் பூட்டியிருப்பார்கள், அந்தப் பிரிவுதான் ரீஜன். இலங்கை ரீஜன் 5. கடைக்காரர் வைத்திருப்பது எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயரா என்று முதலில் கேளுங்கள். கம்பியூட்டரில் போட்டால் ரீஜனை மாற்றச் சொல்லும், அதை ஐந்து தடவைதான் மாற்றலாம், அப்புறம் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று. உங்கள் பக்கம் பனி, நிச்சயம் பூஞ்சணம் பிடித்திருக்கும். தேய்க்க வேண்டாம். கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு போகும், அந்த இடத்தில் படம் நின்றுவிடும்.

நாவலப்பிட்டி மாமா: சரி

சித்தப்பா: விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்

நாவலப்பிட்டி மாமா: சரி சரி

வியாழன்

நாவலப்பிட்டி மாமா: 📷 படம்

நாவலப்பிட்டி மாமா: 📷 படம்

நாவலப்பிட்டி மாமா: துடைத்த பிறகு ஓடியது. டீவியை ஃபோனால் எடுத்தேன். இடது பக்கம் கம்பிக்குக் கிட்ட குனிந்திருப்பவரைப் பாருங்கள்.

டொரன்டோ அக்கா: அவர்தான்!! தாத்தா!!

குட்டி: எவ்வளவு ஒல்லி

அப்பா: தலையில் துண்டு கட்டின விதம் அப்பா மாதிரிதான்

அம்மா: அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள்

பெரியப்பா: பெரிதாக்கினேன். முகம் புள்ளி புள்ளியாகப் போகிறது. இது அப்பா இல்லை.

அத்தை: அண்ணே, கையைப் பாருங்கள். கயிற்றை இடது கையில் சுற்றிப் பிடித்து, வலது முழங்காலை ஊன்றி நிற்கிறார். அப்பா மாட்டைப் பிடித்தாலும் விறகு கட்டினாலும் அப்படித்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நாவலப்பிட்டி மாமா: ஒன்று சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். என் அப்பாவுக்கும் இடது கைதான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியையே இடது கையில்தான் பிடிப்பார். அதே லொறியில் அவரும் போனார். இத்தனை வருசம் டிஸ்கை வைத்திருந்தது அதற்காகத்தான். அவருக்கு வேறு படமே கிடையாது.

அத்தை: இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

நாவலப்பிட்டி மாமா: உன் அப்பா என்று நீ சந்தோசப்படும்போது எப்படிச் சொல்வது?

(கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை)

சித்தப்பா: மச்சான், டிஸ்க் உங்களிடமே இருக்கட்டும். இப்போது மாதக் கணக்கு எதுவும் இல்லை.

சித்தப்பா: ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படத்தில் பாலம் முழுசாகத் தெரிகிறது. அதில் பலகை போட்டவர் ஒருவரும் படத்தில் இல்லை. கமரா திரும்பினால் நம் ஆட்களை விலகச் சொல்லிவிடுவார்கள். போனஸ் பகுதியில் மட்டும்தான் இன்னொரு கமரா பக்கத்திலிருந்து எடுக்கிறது. குடை பிடிக்கிறவர், தேத்தண்ணீர் கொடுக்கிறவர், கம்பி இழுக்கிறவர் எல்லாரும் அதில் வந்துவிடுகிறார்கள். நான் கடை வைத்திருந்தபோது படத்தை மட்டும் கொப்பி அடித்துக் கேட்பார்கள், "போனஸ் வேண்டாம், இடம் பிடிக்கும்" என்பார்கள். இப்போது ஸ்ட்ரீமிங்கிலும் பெரும்பாலும் படம் மட்டும்தான். அதனால்தான் அந்த டிஸ்கை நான் இவ்வளவு தேடினேன். அதில் நிற்பது அப்பாவாக இருந்தாலும் சரி, மச்சானின் அப்பாவாக இருந்தாலும் சரி, அவர்கள் அங்கே வேலை செய்தார்கள் என்பதற்கு நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அப்பா: உண்மை

டொரன்டோ அக்கா: ❤️

பெரியப்பா: அச்சகத்திலிருந்து ஃபோன். எதைக் கொடுப்பது?

சித்தப்பா: டிவிடிப் படம் மொத்தமே 720க்கு 576 புள்ளிதான். அதில் ஒரு மூலையில் இருக்கும் முகத்தைக் கார்டுக்குப் பெரிதாக்கினால் கண் மூக்கு தெரியாது. கார்டுக்கு அடையாள அட்டைப் படத்தைக் கொடுங்கள் அண்ணே.

குட்டி: ஏசுகிற படமா

பெரியப்பா: ஏசினாலும் அது அப்பா. கொடுத்துவிட்டேன்.

டொரன்டோ அக்கா: அப்போ ஞாயிறு மண்டபத்தில் டிஸ்கைப் போட்டுக் காட்டலாமே. பாலத்துப் பகுதியை மட்டும்.

பெரியப்பா: கருமாதி வீட்டில் சினிமாவா? சனம் என்ன சொல்லும்?

அத்தை: சினிமா இல்லை அண்ணே. அப்பா வேலை செய்த இடம்.

நாவலப்பிட்டி மாமா: போட்டால் இரண்டு பேரின் பெயரையும் சொல்ல வேண்டும்

அத்தை: சொல்லாமல் விடுவேனா?

அப்பா: சாப்பாடு முடிந்த பிறகு, சொந்தக்காரர் மட்டும் இருக்கும்போது பார்க்கலாம்

பெரியப்பா: பார்ப்போம். ஐயர் போன பிறகு பேசிக்கொள்ளலாம்.

சித்தப்பா: மண்டபத்து டீவி புதுசு. பிளேயரின் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரைச் செருக இடம் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் இடையில் மாட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து வாங்கி வருகிறேன்.

நான்: நாளை பார்த்துச் சொல்கிறேன் சித்தப்பா

நாவலப்பிட்டி மாமா: கடைக்காரர் பிளேயரை இரவல் தருவார். திங்கள் காலை திரும்பக் கொடுக்க வேண்டும்.

அத்தை: அரிசி யார் பொறுப்பு என்று நேற்றிலிருந்து கேட்கிறேன்

அப்பா: நான் பார்க்கிறேன்

அம்மா: அவரை நம்பாதீர்கள், நான் வாங்குகிறேன்

பெரியப்பா: ஹட்டனிலிருந்து வேன் காலை 5 மணிக்கா, 5.30க்கா?

குட்டி: 6

பெரியப்பா: 5