துப்பாக்கி ஒத்திகையில் உருண்டு வந்த தோட்டா

பணவண்டிக் காவலர், கிராண்ட்பாஸ்:
வங்கிப் பணத்தை வேனில் கொண்டுபோகும் வேலையில் இருந்தவர்களுக்கு கொள்ளையர் வந்தால் என்ன செய்வது என்று நடித்துப் பழகும் இந்தக் கொள்ளை ஒத்திகையை விளக்கத் தேவையில்லை. காலையில் பயிற்றுநர் எல்லோருடைய பைகளையும் இடுப்பையும் தடவிச் சோதித்து, ‘12 போர்’ எனும் குழல் அளவுள்ள துப்பாக்கிகளைத் திறந்து, கண்ணை மட்டும் நம்பாமல் சுண்டுவிரலையும் தோட்டா அறைக்குள் விட்டுப் பார்த்த பின்னரே பயிற்சியைத் தொடங்கினார். மதியம் சோற்றுப் பார்சல் சாப்பிட்டுத் திரும்பியபோது எவரும் எங்களைச் சோதிக்கவில்லை. கொள்ளையனாக நடித்த நான் அதட்டியதும் எதிரே நின்றவர் முழங்காலிட்டார். அவருடைய காற்சட்டைப் பையிலிருந்து நழுவிய சிவப்புத் தோட்டா, சீமெந்துத் தரையில் உருண்டு வந்து என் சப்பாத்தில் முட்டி நின்றது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்; பித்தளை அடியின் நடுவே ஊசி குத்திய பள்ளம் இல்லை, அது சுடப்படாத தோட்டா. சாப்பாட்டு நேரத்தில் அவர், வேன் காவலுக்கு நின்றவருக்குப் பதிலாக அரைமணி நேரம் காவல் நின்றிருக்கிறார்; தோட்டா அங்கிருந்துதான் அவர் பைக்கு வந்திருக்கிறது.

கணக்காளர், கொள்ளுப்பிட்டி:
2019 ஏப்ரலில் கொழும்பு முதலிய இடங்களில் நடந்த உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்திலும் ஒத்திகை நடத்தினார்கள், ஆனால் எங்களிடம் சொல்லாமல் நடத்தினார்கள். முகமூடி அணிந்த ஒருவர் துப்பாக்கியுடன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னோடு மேசைக்கடியில் ஒளிந்த தோழி, தொலைபேசியை வாயோடு ஒட்டிப் பிடித்து, "பிள்ளையப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பயிற்சி என்று அறிவித்த பிறகும் அவருடைய விரல்கள் தொலைபேசியை விடவில்லை.

வாசகர், கொட்டாஞ்சேனை:
கொள்ளுப்பிட்டி அம்மாவின் வேதனை புரிகிறது. ஆயினும், முன்கூட்டியே சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டு நடிப்பார்கள். எங்கள் கடையில் அதைத்தான் கண்டேன்.

முன்னாள் பயிற்றுநர், வெள்ளவத்தை:
கொட்டாஞ்சேனை நண்பருடன் நான் உடன்படவில்லை. சொல்லாமல் நடத்திய அந்த வேளையில், பக்கத்துக் கட்டடக் காவலாளி உண்மையான துப்பாக்கியோடு ஓடிவந்து முகமூடிக்காரரைச் சுட்டிருந்தால் யார் பொறுப்பு? நடப்பது ஒத்திகை என்பது வாசற்காவலர் முதல் தேநீர் கொண்டுவருபவர் வரை அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கிராண்ட்பாஸ் தம்பி, இரண்டாம் முறை சோதிக்காதது பிழைதான், ஆனால் அதைவிடப் பெரிய பிழை வேலையில் பயன்படுத்தும் உண்மையான கடமைத் துப்பாக்கியை அதே வளவில் வைத்திருந்தது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் புன்டா கோர்டா நகரில், பொலிஸார் பொதுமக்களுக்கு நடத்திய செயல்விளக்கத்தில், வெற்றுத் தோட்டா (குண்டில்லாமல் மருந்து மட்டும் வெடிப்பது) என்று நம்பிச் சுடப்பட்டவை மெய்யானவையாக இருந்ததால் 73 வயதான ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இறந்தார். 2022 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் நூலகம் ஒன்றில் பயிற்சியளித்த முன்னாள் பொலிஸ் அதிகாரியே, தன் உண்மையான துப்பாக்கியால் பயிற்சிக்கு வந்த இளம் பெண் அலுவலரைச் சுட்டுவிட்டார். இரு இடங்களிலும் மெய்த் தோட்டா பயிற்சிக்குள் வந்ததுதான் வினை. ஆகவே சுடவே முடியாத நீல நிறப் பயிற்சித் துப்பாக்கி, அல்லது மெய்த் தோட்டா ஏறாதபடி குழல் மாற்றிய சாயக்குண்டுத் துப்பாக்கி தவிர வேறெதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. ஒரே வாசலைத் திறந்து வைத்து, கழிப்பறைக்குப் போய் வந்தவரையும் மீண்டும் சோதிக்க வேண்டும். பயிற்றுநரை வேறொருவர் சோதிக்க வேண்டும். வெற்றுத் தோட்டாவும் விளையாட்டுப் பொருள் அல்ல. நாடகம் ஒன்றில் இரண்டடி தூரத்தில் வெடித்தபோது திரைச்சீலை கருகியதை நானே பார்த்தேன்.

தம்பி, அந்தத் தோட்டாவை என்ன செய்தீர்கள்?

பணவண்டிக் காவலர், கிராண்ட்பாஸ்:
பயிற்றுநரிடம் கொடுத்தேன், ஐயா. அவர் அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள் என்றார். நாங்களும் தொடங்கினோம்.