பத்து நாள் நின்னா புல்லட் பைக்கோட ஆயில் டேங்க்ல எஞ்சின் ஆயில் காணாம போகுது, உதவுங்கப்பா

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து கேக்குறேன் அண்ணன்மாரே. அப்பாவோட 1984 காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு எஞ்சின்) புல்லட் 350. பத்து நாள் நிறுத்தி வச்சா டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற குச்சி) காஞ்சு கெடக்கு, உதைச்சு ஸ்டார்ட் பண்ணா எதிர்வீட்டு அக்கா ஜன்னல சாத்துற அளவுக்கு நீலப்புகை, அஞ்சு நிமிஷம் ஓடுனா லெவல் பழையபடி ஏறிடுது. தரையில ஒரு சொட்டு இல்ல. கிராங்க்கேஸ் (எஞ்சினோட அடிப்பகுதி) ட்ரெய்ன் பிளக்க கழட்டுனா முக்கா லிட்டர் கொட்டுச்சு, அப்போ நிக்கும்போது ஆயில் பம்ப் வழியாதான் கீழ எறங்குது, ஓடும்போது ரிட்டர்ன் பம்ப் இழுத்து டேங்குக்கு அனுப்புதுன்னு நெனைக்கிறேன். எஞ்சின் தலைக்கு ஆயில் கொண்டுபோற ராக்கர் பைப் போல்ட்ட தளர்த்திப் பாத்தேன், ஆயில் நல்லா வருது. மெக்கானிக் "பிஸ்டன் ரிங் போச்சு, சிலிண்டர போர் பண்ணு"ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு, எனக்கு ஒப்பல. பம்ப் டிஸ்க்க வால்வ் பேஸ்ட் (தேய்க்கிற பசை) வச்சு, அது உக்கார்ற சீட்டோட தேச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? பாண்டில நல்லா தேய்க்கிற லேத் ஆளு இருந்தாலும் சொல்லுங்க.