அப்பத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு மருத்துவரிடம் போங்கள்

விடுமுறைக்காகத் தங்கச்சிமடத்துக்கு வந்திருக்கிறேன். கச்சான் காற்று ஓயாத இந்த ஆகஸ்ட் மாதத்தில், பாம்பன், மண்டபம், கீழக்கரை ஊர்களிலிருந்து அண்மையில் இங்கிலாந்தில் குடியேறிய மூன்று குடும்பத்தார் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பிள்ளை ஊரில் நன்றாகத்தான் இருந்தான் அக்கா, அங்கே போன பிறகுதான் இப்படி ஆகிவிட்டான், திரும்பி வந்துவிட்டால் சரியாகிவிடுமா?" ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, நான்கு வயது மகனோடு அந்த நாட்டில் இறங்கிய சில மாதங்களில், நானும் இதையே கேட்டு அழுதவள். அவனுக்கு, பிறரோடு பழகும் விதமும் பேசும் விதமும் வேறுபட்டிருக்கும் ஆட்டிசம் இருப்பதாக ஆறு வயதிலும், கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கச் செய்யும் ஏடிஎச்டி இருப்பதாக எட்டு வயதிலும், கைகால் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் தரும் டிஸ்பிராக்சியா இருப்பதாக ஒன்பது வயதிலும் சொன்னார்கள். மூன்றுமே அவன் தங்கச்சிமடத்தில் தவழ்ந்த நாளிலிருந்து அவனோடு இருந்தவை.

ஊரில் அது ஏன் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. எங்கள் தெரு மணலில் போய் முடிகிறது, அவன் களைக்கும்வரை ஓடினான். சட்டைப் பொத்தானை அத்தை போட்டுவிட்டாள், சோற்றை அப்பத்தா ஊட்டினாள், திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய அன்று சித்தப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பனங்காட்டுப் பக்கம் போய்விட்டார். இவற்றை உதவி என்று நாங்கள் யாரும் எண்ணியதே இல்லை. அந்தக் கைகளெல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போய், இரண்டு அறை கொண்ட வீட்டுக்குள் நாங்கள் மூவர் மட்டும் நின்றபோதுதான் அவனுடைய சிரமம் எங்கள் கண்ணுக்குப் பட்டது.

பள்ளியில், புதிய நாடும் புதிய மொழியும்தான் காரணம், ஆங்கிலம் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அதை நம்பி ஒன்றரை ஆண்டு காத்திருந்தோம். அந்தக் காலத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. பிறகு மதிப்பீட்டுக்கு அழைத்தபோது, ஒன்றரை வயதில் அவன் எப்படி இருந்தான் என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லாததால் அன்றிரவு அப்பத்தாவை அழைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பாம்பன் பாலம் கடந்து வரும் ரயிலின் ஓசையை எல்லாருக்கும் முன்னால் கேட்டு வாசலுக்கு ஓடுவான் என்றாள். சிப்பிகளைச் சுவரோரம் வரிசையாக அடுக்கி, ஒன்றை யாரேனும் நகர்த்தினால் பொழுது சாயும்வரை அழுததையும், நான்கு வயதாகியும் பாதிச் சோறு தரையில் சிந்தியதையும், அரைக் கதை கேட்கக்கூட உட்காராததையும் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் குறித்துக்கொண்ட அந்த இரண்டு பக்கங்கள்தான் மருத்துவரின் பார்வையை மாற்றின. ஆட்டிசத்தின் அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஏடிஎச்டியின் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்பது நோயறியும் விதியாக இருப்பதால், ஊரில் வளர்த்தவர்களின் நினைவு அங்கே சாட்சியாகவே மதிக்கப்படுகிறது.

ஒரு பெயர் கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் திருத்தப்படும்வரை, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏடிஎச்டியும் இருப்பதாகக் குறிப்பிடவே இடமிருக்கவில்லை. அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் மிச்சமிருக்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளையின் நிலை, எதிரெதிர்க் காற்றுகளான கச்சானும் வாடையும் ஒரே நாளில் அடிக்கும் கடலில் நிற்கும் வல்லத்தின் நிலை. ஒன்று மாற்றமே வேண்டாம் என்கிறது, மற்றொன்று மாறாததைக் கண்டு சலிக்கிறது. ஆட்டிசத்துக்கென்று நாங்கள் சுவரில் ஒட்டிய, அன்றாட வேலைகளைப் படங்களாகக் காட்டும் கால அட்டவணை மூன்றே நாளில் அவனுக்கு அலுத்துப்போனது. குளியல், உணவு, வாசிப்பு என்ற வரிசையை மாற்றாமல், எந்தப் புத்தகம், எந்தத் தட்டு என்பதை மட்டும் அவனே தேர்ந்தெடுக்கும்படி விட்ட பிறகுதான் மாலைப்பொழுதுகள் அமைதியாயின. அவன் எழுத மறுத்ததைப் பிடிவாதம் என்றும், பிறகு கவனக்குறைவு என்றும் எண்ணினோம். பென்சில் பிடிப்பதே அவனுக்கு வலியாக இருந்தது.

இங்கிலாந்தில் பள்ளி உதவிக்கு மருத்துவரின் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மதிப்பீட்டுக்குப் பல பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் ஆகிறது, உதவியோ பிள்ளையின் தேவையைப் பார்த்துத் தரப்படுவது. ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்றே சென்கோ என்ற பொறுப்பாசிரியர் இருக்கிறார். அவரிடம் பேசியும் போதவில்லையெனில், 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளைக்குத் தேவையான கல்வி, உடல்நல, பராமரிப்பு உதவிகளை எழுதித் தரும் ஈஎச்சிபி திட்டத்துக்கான மதிப்பீட்டைக் கேட்டு உள்ளூர் நிர்வாகத்துக்குப் பெற்றோரே நேரடியாகக் கடிதம் எழுதலாம். மதிப்பிடுவதா இல்லையா என்று ஆறு வாரத்துக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். திட்டம் வழங்குவதென்றால் மொத்தம் இருபது வாரங்களுக்குள் வழங்க வேண்டும். விசாவில் பொது நிதி, அதாவது அரசு தரும் குறிப்பிட்ட உதவித்தொகைகளை, பெறக்கூடாது என்று எழுதியிருப்பதைக் கண்டு அஞ்சிப் பலர் பள்ளி உதவியைக்கூடக் கேட்பதில்லை. பள்ளியில் தரும் சிறப்புக் கல்வி உதவி அந்தப் பொது நிதியில் அடங்காது. ஆனால் பிள்ளைக்கான டிஎல்ஏ என்னும் பண உதவி அதில் அடங்கும், ஆகவே உங்கள் விசாவைச் சரிபார்க்காமல் அதற்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

ஊரில் வாங்கிய சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் அதை முழுமையானது என்று கருத வேண்டாம். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளன, ஏடிஎச்டி தனிப்பெயராக இல்லை. சான்றிதழில் அது இல்லாததால் பிள்ளைக்கு அது இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி யார் சொன்னாலும் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. தமிழை விட்டால் அவன் அப்பத்தாவோடு பேசுவது எப்படி?

மருத்துவரிடம் போகும் முன் உங்கள் வீட்டு அப்பத்தாவிடம் "பிள்ளைக்கு என்ன குறை" என்று கேட்டால், பேரனுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வாள். எதைப் பார்த்து ஓடினான், எதைத் தொட மறுத்தான், எப்போது தூங்கினான், யார் தூக்கினால் அழுகை நின்றது என்று கேளுங்கள். இடையில் குறுக்கிடாமல் அவளைப் பேசவிட்டு, அனுமதி கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். எது எந்த வயதில் என்பதற்கு, தடுப்பூசி அட்டையையும் அங்கன்வாடிக்குப் போன முதல் நாளையும் வைத்துக் கணக்கிடலாம்.