கொரோனா காலத்தில் கேன்சர் சிகிச்சை: பட்டவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருந்தபோதுதான் 2020 மார்ச்சில் எல்லாம் மூடியது. முதல் நாளே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் ராத்திரி பகல் பார்க்காமல் கூட்டி வந்துவிடுங்கள் என்று. வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும்போது சின்னத் தொற்றும் ரத்தத்தில் பரவிவிடும். தாமதிக்காமல் ஆன்டிபயாடிக் ஏற்றியாக வேண்டும். கொரோனா வந்தபின் அதே ஆஸ்பத்திரியின் வாசலில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிக்கொண்டு ஒருவர். காய்ச்சல் இருந்தால் கேன்சர் பிரிவுக்குள் விடமாட்டார்கள். டெஸ்ட் முடிவு வரும்வரை கொரோனா வார்டுதான். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாதவரை அங்கே படுக்க வைப்பதா?

அம்மாவுக்கும் ஒரு ராத்திரி காய்ச்சல் வந்தது. ஃபைலைக் காட்டிக் கெஞ்சியதில், ஒரு நர்ஸம்மா முடிவுக்குக் காத்திராமல் வராந்தாவிலேயே ரத்தம் எடுத்து மருந்தை ஏற்றத் தொடங்கினார். அவர் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ. அதற்கப்புறம் துணைக்கு ஆளும் கூடாது என்றார்கள். கண்ணாடியில்லாமல் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீடியோ காலில் பாட்டிலைக் காட்டி, "இன்னைக்குச் செவப்பு மருந்துதானேடி?" என்பாள். நான் லேபிளைப் படித்துச் சொன்னால்தான் கண்ணை மூடுவாள்.

*

உங்கள் அம்மா இப்போது நலமா சகோதரி? நான் ரேடியேஷன் பிரிவில் டெக்னீஷியன். நல்லது ஒன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மார்பகப் புற்றுக்கு 3 வாரத்தில் 15 வேளையாக 40 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்துவந்தோம். 2020 ஏப்ரலில் லான்செட் மருத்துவ இதழில் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்ற ஆய்வு வந்தது: ஒரே வாரத்தில் 5 வேளையாக 26 கிரே கொடுத்தாலும், 5 ஆண்டு கழித்துப் பார்த்ததில் பலன் குறையவில்லை. சாதாரண நாளாக இருந்தால் இதை நடைமுறைக்குக் கொண்டுவர மீட்டிங் மேல் மீட்டிங் போட்டிருப்பார்கள். கூட்டத்தைக் குறைத்தே ஆகவேண்டிய நேரம், பொருத்தமான நோயாளிகளுக்குச் சட்டென்று மாற்றினார்கள்.

எங்களுக்குச் சிரமம் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள்தான். அவர்களுக்கு முகத்தோடு ஒட்டின மாதிரி வலைமுகமூடி ஒன்றைப் போட்டு மேசையோடு பூட்டுவோம். அதற்கு முகக்கவசத்தைக் கழற்றியாக வேண்டும். பாதிப் பேருக்குத் தொண்டை புண்ணாகி இருமல் வேறு. ஒருவர் முடிந்ததும் அறையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட முடியும்.

*

எங்கள் அப்பாவுக்கு இருமல். கொரோனா டெஸ்ட் எடுத்தோம், இல்லை என்று வந்தது. இருமல் நிற்கவில்லை, மறுபடி எடுத்தோம், மறுபடியும் இல்லை. "அப்புறம் என்ன, சளிதான்" என்று போனிலேயே சிரப் எழுதிக் கொடுத்தார்கள். யாரும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. சளியில் ரத்தம் வந்தபிறகுதான் சி.டி. எடுத்தார்கள், நுரையீரலில் கட்டி, நாலாம் கட்டம். இதில் கொடுமை என்னவென்றால், கொரோனாவுக்காக சி.டி. எடுத்த என் நண்பனின் மாமனாருக்கு அதே படத்தில் கட்டி ஆரம்பத்திலேயே தெரிந்து, அறுத்து எடுத்துவிட்டார்கள். 2020 நவம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஒரு கணக்கு படித்தேன்: அறுவை சிகிச்சை 4 வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறதாம். எங்களுக்குத் தள்ளிப்போனது சிகிச்சை இல்லை, நோய் இன்னதென்று தெரிவதே.

*

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

என்னுடையது சின்ன விஷயம். மார்பகப் புற்று முடிந்து கண்காணிப்பில் இருந்தேன். தடுப்பூசி போட்ட கொஞ்ச நாளில் மேமோகிராமுக்கு (மார்பக எக்ஸ்ரே) போனால், அக்குளில் நெறி. திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்தேன். தடுப்பூசிக்கும் அப்படி வீங்குமாம். சில வாரம் கழித்து ஸ்கேன் பார்த்தபோது வற்றியிருந்தது. அறுவை செய்த பக்கத்தை விட்டு எதிர்க் கையில் போடுங்கள் என்று ஊசி போடும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்காது.